வீரியம் வேறு, கெட்டி வேறு

சாயப்பட்டறை லேப்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் வேலம்பாளையத்துப் பிள்ளைகளுக்கு,

பிளஸ் டூவில் வேதியியல் படித்துவிட்டோ, டிப்ளமோ முடித்துவிட்டோ, காலை ஷிப்டுக்குச் சிறுபூலுவபட்டிக்கும் அங்கேரிபாளையத்துக்கும் வீரபாண்டிக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நீங்கள். ஷேடு மேட்சிங் செய்வது, பி.எச். பார்ப்பது, மாஸ்டர் சொல்கிற கெமிக்கலை எடை போட்டுக் கொடுப்பது என்று நாள் ஓடுகிறது. உங்களில் யாரிடம் பேசினாலும் சுற்றிச் சுற்றி ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "அசிட்டிக்கைவிட ஃபார்மிக் ஸ்ட்ராங்குன்னு சொல்றாங்களே, அப்ப கம்மியாப் போட்டாப் போதுமுங்களா?"

போதாது, கண்ணுகளா. ஃபார்மிக் அமிலம் அசிட்டிக்கைவிடப் பத்து மடங்கு வீரியமானது என்பது உண்மை. அதை நம்பி, பிளீச்சில் மிஞ்சிய காரத்தைக் கொல்லப் பத்தில் ஒரு பங்கு போட்டால் லாட் காரமாகவே கிடக்கும். இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. பள்ளிக்கூடத்தில் மூன்று மதிப்பெண் கேள்வியாக வந்துபோன விஷயம்தான் இது. பட்டறைக்குள் வந்த பிறகு அது துணியின் ஆயுளையும் உங்கள் தோலையும் தொடுகிற விஷயமாகிவிட்டது.

வீரியம், கெட்டி, அளவு. இந்த மூன்றையும் பட்டறையில் 'ஸ்ட்ராங்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தண்ணீரில் கரைந்ததும் அமிலத்தின் மூலக்கூறுகளில் எத்தனை பங்கு தன் ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுக்கிறது என்பது வீரியம். தண்ணீரில் இருக்கும்வரை அது அந்த அமிலத்தின் பிறவிக்குணம். நாம் மாற்ற முடியாது. ஒரு லிட்டரில் எவ்வளவு அமிலம் கலந்திருக்கிறது என்பது கெட்டி, பாடப்புத்தகம் செறிவு என்று சொல்வது. தண்ணீர் ஊற்றினால் அது குறையும். மொத்தத்தில் எத்தனை மோல் அமிலம் மெஷினுக்குள் போனது என்பது அளவு. காரத்தைக் கொல்வது அளவுதான்.

லிட்டருக்கு 0.1 மோல் வீதம் மூன்று அமிலங்களை மூன்று பீக்கரில் கரைத்து மீட்டரை வையுங்கள். ஹைட்ரோகுளோரிக் 1.0 காட்டும். ஃபார்மிக் 2.4. அசிட்டிக் 2.9. ஹைட்ரோகுளோரிக்கில் நூறு மூலக்கூறுக்கு நூறும் பிரிந்துவிட்டன. ஃபார்மிக்கில் சுமார் நான்கு. அசிட்டிக்கில் ஒன்றுக்குச் சற்று மேல். வீரியத்தில் இவ்வளவு வித்தியாசம். இப்போது மூன்றுக்கும் காஸ்டிக் ஊற்றி டைட்ரேட் செய்யுங்கள். மூன்றும் ஒரே அளவு காஸ்டிக்கைத்தான் குடிக்கும். பிரிந்து நிற்கும் அயனியைக் காஸ்டிக் எடுத்துக்கொண்டதும், பிரியாமல் நின்ற மூலக்கூறுகளில் இன்னும் சில பிரிகின்றன. அவற்றையும் எடுத்ததும் மேலும் சில. கடைசி மூலக்கூறுவரை இப்படியே போகும்.

இந்த வீரியத்தை எண்ணாக எழுதியதுதான் பி.கே.ஏ. மதிப்பு. எண் சிறிதானால் வீரியம் பெரிது. எண்ணில் ஒன்று குறைந்தால் வீரியம் பத்து மடங்கு ஏறியது என்று பொருள். அசிட்டிக் 4.76, ஃபார்மிக் 3.75. சிட்ரிக்கிலும் ஆக்சாலிக்கிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஹைட்ரஜன்கள் கழல்வதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்: சிட்ரிக்குக்கு 3.13, 4.76, 6.40, ஆக்சாலிக்குக்கு 1.25, 4.27.

ஏன் இந்த வித்தியாசம்? கார்பாக்சிலிக் அமிலம் தன் ஹைட்ரஜனை விட்ட பிறகு மிச்சம் நிற்கும் பகுதியில் ஓர் எதிர்மின் சுமை தங்குகிறது. அது ஓர் ஆக்சிஜனில் மட்டும் குந்திக்கொண்டிராமல் இரண்டு ஆக்சிஜன்களிலும் பரவி நிற்கிறது. பார்த்தே சொல்லக்கூடிய சாட்சியம் இதற்கு உண்டு. ஃபார்மிக் அமிலத்தில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான இரண்டு பிணைப்புகளில் ஒன்று 1.23 ஆங்ஸ்ட்ராம், மற்றது 1.36. சோடியம் ஃபார்மேட்டாக ஆனதும் இரண்டும் 1.27 என்று ஒரே நீளத்துக்கு வந்துவிடுகின்றன. எது ஒற்றைப் பிணைப்பு, எது இரட்டைப் பிணைப்பு என்று சொல்ல முடியாதபடி சுமை பங்கிடப்பட்டிருக்கிறது. எத்தில் ஆல்கஹாலில் இப்படிப் பங்கிட வழியில்லை. அதனால் அதன் எண் 16. அசிட்டிக்கோடு ஒப்பிட்டால் ஆயிரங்கோடி மடங்குக்கு மேல் வீரியக் குறைவு. இரண்டிலும் கழல்வது ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன்தான்.

அடுத்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. சுமையை இழுத்து மெலிதாக்குகிற அணு பக்கத்தில் இருந்தால் வீரியம் கூடும். அசிட்டிக்கில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் குளோரினை வைத்தால் 4.76 என்பது 2.87 ஆகிறது; இரண்டு குளோரின் வைத்தால் சுமார் 1.3, மூன்று வைத்தால் 0.7 அளவுக்கு வந்துவிடுகிறது. குளோரின் தள்ளிப் போகப் போக அதன் செல்வாக்கு குறைவதைப் பியூட்டனாயிக் அமிலத்தில் காணலாம். அதன் சொந்த எண் 4.82. கார்பாக்சில் தொகுதிக்கு அடுத்த கார்பனில் குளோரின் இருந்தால் 2.86, அதற்கும் அடுத்ததில் 4.05; மூன்றாவதில் 4.52. மூன்று கார்பன் தாண்டியதும் குளோரின் இருப்பதே பெரிதாகத் தெரிவதில்லை. பென்சாயிக் அமிலத்தின் வளையத்தில் வெவ்வேறு தொகுதிகளை ஒட்டவைத்து, ஒவ்வொன்றும் வீரியத்தை எவ்வளவு ஏற்றுகிறது, இறக்குகிறது என்பதை எண்ணாக்கித் தந்தவர் அமெரிக்க வேதியியலாளர் ஹாம்மெட், 1937இல். கரிம வேதியியலில் இன்றைக்கும் அந்த எண்களைப் பயன்படுத்துகிறார்கள்.

ஃபார்மிக்கைவிட அசிட்டிக் ஏன் மெலிந்தது என்று கேட்டால், மெத்தில் தொகுதி எலக்ட்ரானைத் தள்ளுகிறது, அதனால் சுமை கூடிவிடுகிறது என்று பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். கதை அங்கே முடியவில்லை. அந்தத் தர்க்கப்படி எத்தில் தொகுதி கொண்ட புரோப்பியானிக் அமிலம் அசிட்டிக்கைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். தண்ணீரில் அப்படித்தான், 4.87. ஆனால் தண்ணீரே இல்லாமல் வாயு நிலையில் அளந்து பார்த்தபோது வரிசை புரண்டுவிட்டது: புரோப்பியானிக் அசிட்டிக்கைவிட வீரியமாக நிற்கிறது, பியூட்டனாயிக் அதைவிடவும் கூட. பெரிய தொகுதி தானே உருமாறிச் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. ஆக, நாம் தண்ணீரில் பார்க்கிற வீரியத்தில், அயனியைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் எப்படி அணிவகுக்கின்றன என்பதற்கும் பெரும்பங்கு உண்டு. அமிலத்தின் எண் அமிலத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல, அது கரைந்திருக்கும் திரவத்துக்கும் சேர்த்துத்தான். பாடப்புத்தகம் இதைச் சொல்லாமல் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

இனி மெஷின் பக்கம் வருவோம்.

300 கிலோ பனியன் துணி, ஒன்றுக்கு எட்டு லிக்கர், ஆக 2,400 லிட்டர் தண்ணீர். காஸ்டிக்கும் பெராக்சைடும் போட்டுப் பிளீச் செய்து, டிரெயின் செய்து, ஒரு வாஷ் கொடுத்த பிறகு, லிட்டருக்கு அரை கிராம் காஸ்டிக் மிச்சம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1.2 கிலோ. காஸ்டிக் ஒரு மோல் 40 கிராம். எனவே 30 மோல். இதை நடுநிலையாக்க எந்த அமிலமானாலும் 30 மோல் ஹைட்ரஜன் வேண்டும். அசிட்டிக் ஒரு மோல் 60 கிராம், எனவே 1.8 கிலோ. ஃபார்மிக் 46 கிராம், எனவே 1.38 கிலோ, கேனில் வருவது 85 சதவீதம் என்றால் 1.62 கிலோ. 'பத்து மடங்கு வீரியம்' எடை மெஷினில் எங்கே போனது என்று பாருங்கள். ஃபார்மிக் கொஞ்சம் குறைவாகச் செலவாவது மூலக்கூறு எடை குறைவு என்பதால் மட்டும்தான்.

வீரியம் தன் முகத்தைக் காட்டுவது கணக்கைத் தாண்டிப் போடும்போதுதான். எந்தப் பட்டறையிலும் யாரும் 30 மோலை அளந்து ஊற்றுவதில்லை; கை தாராளமாகத்தான் போகும். 20 சதவீதம் கூடிவிட்டது, அதாவது 36 மோல் விழுந்துவிட்டது என்று கொள்வோம். அசிட்டிக் என்றால் பாத்தின் பி.எச். 5.5இல் நிற்கும். ஃபார்மிக் என்றால் 4.5. ஹைட்ரோகுளோரிக் என்றால் 2.6. பாதியளவு கூடிவிட்டால், அதாவது 45 மோல் விழுந்தால், அசிட்டிக் 5.1, ஃபார்மிக் 4.1, ஹைட்ரோகுளோரிக் 2.2. அசிட்டிக் ஊற்றியவருக்குத் தவறு மன்னிக்கப்படுகிறது. ஹைட்ரோகுளோரிக் ஊற்றியவருக்கு மன்னிப்பே கிடையாது. காரத்தோடு சேர்ந்து உருவான சோடியம் அசிட்டேட்டும் மிஞ்சிய அசிட்டிக்கும் ஒரே தண்ணீரில் இருப்பதால் பி.எச். 4.76ஐ ஒட்டிய இடத்தைவிட்டு எளிதில் நகராது. தாங்கல் கரைசல் என்று படித்தீர்களே, அதை நீங்கள் தயாரிக்கவே வேண்டாம். பாத்துக்குள் தானாக உருவாகிவிடுகிறது.

அந்த 4.76 என்ற எண் நம் தொழிலுக்கென்றே அளந்து வைத்தது போல அமைந்திருப்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். பயோ பாலிஷுக்குப் போடும் ஆசிட் செல்லுலேஸ் என்சைம் 4.5க்கும் 5.5க்கும் நடுவில்தான் நன்றாக வேலை செய்யும். கடைசியில் சாஃப்ட்னர் போடும் பாத்தும் ஐந்து, ஐந்தரை என்றுதான் கேட்கிறது. அமிலத்தின் பி.கே.ஏ.வுக்கு அருகில்தான் அதன் தாங்கும் சக்தி அதிகம் என்பதால், இந்த இடத்துக்கு அசிட்டிக்கைவிடப் பொருத்தமானது அபூர்வம். ஃபார்மிக்கின் பிடி 3.75ஐச் சுற்றித்தான்.

பாத் தண்ணீர் ஏழு காட்டிவிட்டது என்பதற்காகத் துணி நடுநிலை ஆகிவிட்டதாக நினைக்காதீர்கள். பருத்தி இழைக்குள் ஊறிப்போன காரம் மெதுவாகத்தான் வெளியே வரும். லாட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பிழிந்து, தடிமனான தையல் மடிப்பில் யுனிவர்சல் இண்டிகேட்டர் இரண்டு சொட்டு விடுங்கள். முதலில் பச்சை தெரியும். உடனே சீட்டில் எழுதிவிடாமல் மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஓரத்தில் நீலம் தலைகாட்டினால் உள்ளே காரம் இருக்கிறது என்று அர்த்தம். பிரியாத அசிட்டிக் மூலக்கூறு சுமை எதுவும் இல்லாத சின்ன மூலக்கூறு. இழைக்குள் புகுந்து போய், காரம் இருக்கிற இடத்திலேயே தன் ஹைட்ரஜனைக் கழற்றுகிறது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட வேண்டியதை மூன்று நிமிடத்தில் டிரெயின் செய்துவிட்டு, அடுத்த பாத்தில் பி.எச். ஏறுகிறதே என்று அமிலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. குழந்தைகளுக்கான உடுப்பு ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: குழந்தைகளுக்கும் நேரடியாகத் தோலில் படுகிற துணிக்கும் ஓகோ-டெக்ஸ் சான்று கேட்பது துணிச்சாற்றின் பி.எச். 4.0க்கும் 7.5க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது. இரண்டு கிராம் துணியை நூறு மில்லி பொட்டாசியம் குளோரைடு கரைசலில் இரண்டு மணி நேரம் குலுக்கித்தான் அளப்பார்கள். உள்ளே ஒளிந்திருந்த காரம் அப்போது வெளியே வந்து நிற்கும்.

ஹைட்ரோகுளோரிக், சல்ஃபூரிக் போன்றவற்றைப் பருத்தியிடம் அண்ட விடாததற்குக் காரணம் வெறும் பயம் அல்ல. துணியில் துளி மிஞ்சி ஸ்டென்டருக்குள் போனால், தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிஞ்சிய அமிலம் கெட்டிப்பட்டு, செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. சல்ஃபூரிக் இதில் மிகக் கொடியது, ஏனென்றால் அது ஆவியாகிப் போவதே இல்லை. பார்க்க நன்றாக இருக்கும் துணி, கட்டிங் டேபிளில் இழுத்தால் இற்றுப்போய்க் கிழியும். அசிட்டிக் 118 டிகிரியிலும் ஃபார்மிக் 101 டிகிரியிலும் கொதிப்பவை. உலர்த்தும்போது பெரும்பாலும் போய்விடும்.

ஆக்சாலிக் விஷயத்தில் உங்களுக்கு ஒரு பழைய பரிச்சயம் உண்டு. பள்ளி டைட்ரேஷனில் 63 என்ற சமான எடையோடு வந்த அதே வெள்ளைப் படிகம்தான். கரிம அமிலங்களில் அது பலசாலி. முதல் ஹைட்ரஜனின் எண் 1.25. இரண்டு கார்பாக்சில் தொகுதிகள் முதுகோடு முதுகு ஒட்டி இருப்பதால் ஒன்று மற்றதன் சுமையை இழுக்கிறது. துணியில் துருக்கறை பட்டால் அதை எடுக்க ஆக்சாலிக் பயன்படுவது வீரியத்தால் மட்டுமல்ல. இரும்போடு கரையும் ஒரு கூட்டுப்பொருளை உண்டாக்கிக் கறையைத் தூக்கிச் சென்றுவிடுகிறது. ஆனால் அது ஆவியாகாது. கழுவாமல் விட்டு உலர்த்தினால் சல்ஃபூரிக் செய்யும் வேலையை அதுவும் கொஞ்சம் செய்யும். கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக இறங்கும். வாயில் பட்டால் விஷம். கறை எடுத்த இடத்தை நன்றாக அலசும்வரை அந்தத் துணியைக் கண்ணைவிட்டு அகற்றாதீர்கள்.

சிட்ரிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று ஹைட்ரஜன் இருக்கிறது, ஒரு மோலுக்கு மூன்று மோல் காரத்தைக் கொல்லும் என்று கணக்குப் போட்டால், ஐந்தரைக்குக் கொண்டுவரும் வேலையில் ஏமாந்துபோவீர்கள். மூன்றாவது ஹைட்ரஜனின் எண் 6.40, பி.எச். ஐந்தரையில் அது பெரும்பாலும் கழலாமலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் கிடைப்பது இரண்டுதான்.

நம் பக்கத்து ஊர் அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்குவதும் இதே குடும்பத்துக் காரியம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் முதல் எண் ஏறத்தாழ 3.0, அசிட்டிக்கைவிட ஐம்பது மடங்குக்கு மேல் வீரியம். பாத்திரத்தின் மேல் படிந்த கறுப்பு ஆக்சைடையும் பச்சைக் களிம்பையும் கரைக்க அது போதும். ஆனால் புளிக்குழம்பை ஈயம் பூசாத பித்தளையில் ஊற்றி வைத்தால், காற்றும் சேர்ந்து செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்புக்குள் இறக்கிவிடும்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறேன். அசிட்டிக் 'வீக் ஆசிட்' என்று புத்தகத்தில் படித்த நினைவில், அதை எதன்மேல் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது என்று எண்ணிவிடாதீர்கள். வீரியம் என்பது இன்னொன்றோடு வைத்துப் பார்க்கிற காரியம். ஹைட்ரஜன் சல்ஃபைடின் எண் 7 அளவில் இருக்கிறது. அசிட்டிக் அதைவிட நூறு மடங்குக்கு மேல் வீரியமானது. எனவே சல்ஃபைடு தேங்கி நிற்கும் சாயக்கழிவுச் சேற்றில் 'மெலிந்த' அசிட்டிக்கை ஊற்றினாலும் அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷவாயு கிளம்பும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் எண் சுமார் 7.5, பிளீச்சிங் திரவத்தில் அமிலம் விழுந்தால் குளோரின் வரும். ஹைட்ரோஸில் விழுந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு வரும். திருப்பூரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போன தொழிலாளர்களின் செய்தி எத்தனை முறை பேப்பரில் வந்துவிட்டது. தொட்டிக்குள் ஒருவரை இறங்கச் சொல்வதே தவறு. லேப் பிள்ளைகளாகிய உங்கள் கையில் இருப்பது, எந்த டிரெயினில் எது போகிறது என்று தெரிந்து, அமிலமும் சல்ஃபைடும், அமிலமும் பிளீச்சும் ஒரே குழியில் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது.

நொய்யல் ஆற்றைப் பற்றிப் பேசாமல் திருப்பூரில் அமிலத்தைப் பற்றிப் பேச முடியாது. பாசனத்துக்குத் தண்ணீர் தேக்க என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவைத் தேக்கும் குளமாகிப்போனதை உங்கள் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். கீழே கரூர்ப் பக்கம்வரை நிலத்தை இழந்த விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. அன்றைக்கு வேலை இழந்து ஊருக்குத் திரும்பிய குடும்பங்களும் உங்கள் தெருவில் இருக்கும். விவசாயிகள் கேட்டது நியாயம் என்பதுதான் என் கருத்து. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்குத் தொழில் மாறியது அந்த வழக்கு இல்லாமல் நடந்திருக்காது. நொய்யலைக் கெடுத்ததில் முதல் குற்றவாளி உப்பும் சாயமும்தான், அமிலத்தின் பங்கு சிறிது. ஆனாலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிற சுமையில் நாம் போடும் அமிலமும் உண்டு. இந்தச் சுமையை முடிவு செய்வது வீரியம் அல்ல, மூலக்கூறில் எத்தனை கார்பன், எந்த நிலையில் இருக்கிறது என்பது.

முன்பு போட்ட கணக்கையே எடுங்கள். 30 மோல் அசிட்டிக்கை முழுதும் எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்க 1.92 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதே 30 மோல் ஃபார்மிக்குக்கு 0.48 கிலோ போதும். நான்கில் ஒரு பங்கு. சி.ஓ.டி. என்று அறிக்கையில் எழுதுகிறீர்களே, அந்த எண்ணில் இந்த வித்தியாசம் அப்படியே விழுகிறது. அசிட்டிக்குக்குப் பதிலாக விற்கப்படும் சில கோர் நியூட்ரலைசர்களில் ஃபார்மிக் இடம்பிடிப்பதற்கு விலையோடு இதுவும் ஒரு காரணம். எனவே ஃபார்மிக் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் இடம் எது என்று தெரிந்து போட வேண்டும் என்கிறேன். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பாலை உறையவைப்பது ஃபார்மிக்தான். தோல் பதனிடுவதிலும் அதற்கு நிலையான இடம் உண்டு. நம் லேப்பிலேயே, கொண்டுவந்து கொடுத்த துணியில் நைலான் கலந்திருக்கிறதா என்று பார்க்க 85 சதவீத ஃபார்மிக்கில் ஓர் இழையைப் போட்டால் சாதாரண வெப்பத்திலேயே நைலான் கரைந்து மறைந்துவிடும். பருத்தியும் பாலியெஸ்டரும் அப்படியே கிடக்கும்.

நைலானைக் கரைக்கிற அந்தத் திரவம் கையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். இங்கேதான் வீரியமும் கெட்டியும் கைகோத்துக்கொள்கின்றன. 85 சதவீத ஃபார்மிக் தோலைக் கொப்புளமாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். 99 சதவீத அசிட்டிக்கும் சாது அல்ல. புத்தகம் அதை 'வலிமை குறைந்த அமிலம்' என்கிறது, தோல் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம், இருபது மடங்கு கெட்டியாக இந்தக் கேனில் இருக்கிறது. கண்ணாடியும் கையுறையும் போடாமல் கேனைச் சாய்க்காதீர்கள். தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். பட்டுவிட்டால் சோடா தேடி ஓடாமல், குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் குறைந்தது கால்மணி நேரம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். "அவசரமுங்க, ஒரு கேன்தானே" என்று மெஷின்காரர் கூப்பிட்டாலும் சரி.

இனி உங்கள் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். புதிதாக வந்திறங்கும் ஒவ்வொரு அசிட்டிக் கேனிலும் இதைச் செய்யுங்கள்.

ஒரு கிராம் அமிலத்தை எடை போட்டு, தண்ணீரில் கரைத்து, பினாப்தலீன் சொட்டு விட்டு, ஒரு நார்மல் காஸ்டிக்கால் டைட்ரேட் செய்யுங்கள். மெத்தில் ஆரஞ்சு வேண்டாம். அசிட்டிக்கின் முடிவுப்புள்ளி எட்டரைக்கு மேல் வருவதால் அது முன்னாலேயே நிறம் மாறி ஏமாற்றும். ஒவ்வொரு மில்லியும் 0.06 கிராம் அசிட்டிக்குக்குச் சமம். 16.5 மில்லி செலவானால் 99 சதவீதம். 13 மில்லியில் நின்றுவிட்டால் 78 சதவீதம்தான் வாங்கியிருக்கிறீர்கள். இது அளவைச் சொல்லும். ஆனால் யாராவது அசிட்டிக்கில் விலை மலிவான ஹைட்ரோகுளோரிக்கையோ சல்ஃபூரிக்கையோ கலந்திருந்தால் டைட்ரேஷன் காட்டிக்கொடுக்காது. அது எல்லா ஹைட்ரஜனையும் ஒன்றாகவே எண்ணும்.

அதற்கு மீட்டர் வேண்டும். டைட்ரேஷன் முடிவை வைத்து அதே அமிலத்தை 0.1 நார்மலுக்குக் கரைத்து பி.எச். பாருங்கள். சுத்தமான அசிட்டிக் 2.9இல் நிற்கும். அந்தப் புளிப்பில் பத்தில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக்காக இருந்தால் 2.0 காட்டும். அப்படி இறங்கினால், பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் செய்தது போலவே, ஒரு குழாயில் நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும், இன்னொன்றில் பேரியம் குளோரைடும் விட்டுப் பாருங்கள். முதல் குழாய் தயிர் போல வெளுத்தால் குளோரைடு, இரண்டாவது வெளுத்தால் சல்ஃபேட். இரண்டுமே தெளிவாக இருந்தால் கலந்தது ஃபார்மிக்காகவும் இருக்கலாம்; அதை மெல்லச் சூடாக்கிய டாலன்ஸ் கரைசல் வெள்ளியாகப் படிந்து காட்டிக்கொடுக்கும், அசிட்டிக் அதைச் செய்யாது. முடிவையும் கேன் வந்த தேதியையும் பதிவேட்டில் எழுதி, மாஸ்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே அந்தக் கேனை ஃப்ளோருக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
சாய லேப்பில் உங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர்